மஞ்சள் தவளையின் தொட்டி

என் மனைவி இறந்தபோது வீட்டுக்கு வந்தவர்களைவிட, அவள் பத்து வயதில் மாவுத் தொட்டிக்குள் விழுவதைப் பார்த்தவர்கள் அதிகம். அந்தக் காட்சியை இணையத்தில் ஏற்றியவர் அவளுடைய அண்ணன், என் மச்சான். வாடகை நாற்காலிகளைத் திருப்பி வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அன்றே ஏற்றிவிட்டார். 'நம்ம தொட்டிப் பொண்ணு போயிட்டா' என்று மேலே எழுதியிருந்தார். கீழே அழுகிற முகங்கள் வரிசையாக வந்தன. நடுநடுவே சிரிக்கிற முகங்களும் வந்தன. பழக்கதோஷம்.

காட்சி சின்னது. இரட்டைப் பின்னல் போட்ட பெண் ஒரு பலகைமேல் நிற்கிறாள். ஊதல் கேட்கிறது. பலகை விலகுகிறது. பச்சைக் கூழுக்குள் முங்கி எழுந்து, கத்துவதற்கு வாயைத் திறக்கிறாள். தலையிலிருந்து வழிகிற கூழ் வாய்க்குள் போகிறது. கூட்டம் ஒரே குரலில், "தப்புன்னா தொப்பு!" என்கிறது. அவள் அழுகிறாள். அதையே கோணம் மாற்றி மாற்றித் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்.

அந்தச் சானலின் சின்னம் ஒரு மஞ்சள் தவளை. விடிந்தால் அடைந்தால் பிள்ளைகளுக்கான போட்டிகள்தான், வேறொன்றும் கிடையாது. பிறகு முதலாளிக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் காலையில் தவளை இருந்த இடத்தில் ஒருவர் இடுப்புவலிக்குப் பட்டை விற்றுக்கொண்டிருந்தார். என் வயதுக்காரர்கள் அந்தத் துக்கத்திலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. 'தலைப்பிரட்டைகள்' என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டு ஒரு குழு நடத்துகிறார்கள். வழுக்கை விழுந்தவர்கள், தொப்பை வைத்தவர்கள், சொந்தப் பிள்ளையோடு பத்து நிமிடம் உட்கார்ந்து விளையாடத் தெரியாதவர்கள். மச்சான் அதற்குத் தலைவர். அவர் போன் அடித்தால் அந்தச் சானலின் ஆரம்பப் பாட்டுதான் கேட்கும். இழவு வீட்டிலும் அதுதான் கேட்டது.

அவளுக்கு வீட்டில் பெயர் தொட்டி. பள்ளிக்கூடத்திலும் தொட்டி. எங்கள் கல்யாணத்தன்று மச்சான் மைக்கைப் பிடித்து, "எங்க தொட்டியை உங்ககிட்ட குடுக்கிறோம் மாப்ளே, ஒழுகாம பாத்துக்கங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் கை என் கைக்குள் சில்லென்று இருந்தது.

எதற்கும் அவள் சட்டென்று பதில் சொல்லமாட்டாள். காப்பி வேண்டுமா என்றால்கூட ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பாள், நான் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று. காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தாள். இயந்திரத்தில் கூட்டியதைக் காகிதத்தில் கூட்டுவாள். பிறகு மறுபடி இயந்திரத்தில். கடைசியாக ஆஸ்பத்திரியில் டாக்டர், இது என்ன மாதம் என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. நினைவு மங்குகிறது என்று அவர் நர்சிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு மாதம், தேதி, கிழமை எல்லாம் என்னிடம் சரியாகச் சொன்னாள். அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"தப்பாயிட்டா?" என்றாள்.

நான் பால் நிலையத்தில் தரம் பார்க்கிறவன். லாரி வந்ததும் மூடியைத் திறந்து முதலில் மூக்கை வைக்க வேண்டும். கருவிகள் எல்லாம் பிறகு. மூக்கு வேண்டாம் என்றால் லாரி திரும்பிப் போகும். அவள் போன பிறகு எனக்குச் சாப்பாடு அட்டை மாதிரி இருக்கிறது. ஆட்கள் பேசுவது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருக்கிறது. மூக்கு மட்டும் நேரத்துக்கு வேலைக்கு வருகிறது.

மச்சான் ஒரு மாலையில் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். பழம் வாங்கி வந்தால் அவருக்கு ஏதோ காரியம் ஆக வேண்டும். தலைப்பிரட்டைகள் சேர்ந்து பழைய போட்டியைத் தாங்களே ஒரு தடவை நடத்திப் படம் பிடிக்கப் போகிறார்களாம். பழைய மாதிரியே அரங்கு, பழைய மாதிரியே தொட்டி, பழைய தொகுப்பாளர். அதைப் பார்த்துச் சானல்காரர்கள் மனசு மாறுவார்களாம். போட்டியில் அவர்களுடைய பிள்ளைகள்தான் கலந்துகொள்கிறார்கள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, என் மகளும் வர வேண்டும் என்றார். தொட்டிப் பொண்ணோட பொண்ணு.

விழ வைப்பீர்களா என்று கேட்டேன்.

"ச்சே, என்ன மாப்ளே. தொட்டிப் பக்கமே போகமாட்டா. கேள்வி கேப்பாங்க, சொல்லுவா, ஜெயிப்பா. அவ அம்மா கோட்டை விட்டதை இவ புடிச்சான்னு நாலு பேர் பாக்கட்டுமே."

சரி என்றேன். வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மேல் பேச வேண்டியிருக்கும்.

மகள் ஒன்றாம் வகுப்பு. மாமா தினமும் வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அவளும் பிடித்தபிடி விடவில்லை. பல் தேய்க்கும்போது கோள்களின் பெயர். செருப்பு மாட்டும்போது பெருக்கல் வாய்ப்பாடு. தேனீக்கு எத்தனை கண் என்று என்னைக் கேட்டாள். இரண்டு என்றேன்.

"அஞ்சு. அப்பாவுக்குத் தொப்பு," என்றாள். சிரிக்கவில்லை. பிறகு தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள், "நான் எல்லாத்துக்கும் சரியா சொல்லிட்டா, ஸ்கூல்ல அம்மாவைப் பாத்து சிரிக்க மாட்டாங்கல்ல?"

வகுப்பில் யாரோ அவளுக்கு அந்தக் காட்சியைக் காட்டியிருக்கிறார்கள். எப்போது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சுவரில் மஞ்சள் தவளை, ஆள் உயரத்துக்கு. அதைப் பார்ப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. முதல் நாளே மைதா மாவைக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் மூடி வைத்துவிட்டார்கள். உள்ளேயே வேர்த்து, புளித்து, நுரைத்திருந்தது. கூடவே சாயத்தின் நெடி, ஈரச்சாக்கின் நெடி. இப்படி ஒரு லாரி வந்தால் மூடியை முழுக்கத் திறக்கக்கூட விடமாட்டேன்.

தலைப்பிரட்டைகள் அந்தத் தொட்டியைச் சுற்றி நின்று குனிந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு. எல்லோருக்கும் மஞ்சள் பனியன், வயிற்றின்மேல் தவளை அகலமாகப் பல்லைக் காட்டியது. ஒரு பெண் கணவனிடம், "அதே வாசனைங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். தாடிக்காரர் ஒருவர் விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தார். வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார், சமையல்காரருக்குச் சான்றிதழ் கொடுப்பதுபோல. மாதக்கணக்கில் என் உடம்பில் எதுவும் அசைந்ததில்லை. அப்போது கை தானாகப் போய் மூக்கைப் பொத்தியது.

புளித்துவிட்டது, பிள்ளைகள் வாய்க்குள் போனால் வயிற்றைப் பிடுங்கும் என்று மச்சானிடம் சொன்னேன். அதுதான் அசல் என்றார். நாங்கள் எல்லாம் அதைக் குடித்துத்தான் வளர்ந்தோம், செத்தா போனோம் என்றார். சொன்ன பிறகு அவருக்கே உறைத்தது. போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

தொகுப்பாளர் வந்தார். தொப்பு அண்ணன். அறுபதைத் தாண்டியும் அண்ணன்தான். மையாகக் கறுத்த முடி. வேர்த்தால் காதோரம் சாயம் இறங்கியது. என் மகளின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். "அதே வாய்," என்றார் மச்சானிடம். நான் பால் மாதிரியை அப்படித்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

கேள்வி மேசைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மணி. யாரையும் அங்கே உட்கார வைக்கவில்லை. பிள்ளைகளை வரிசையாக ஏணிப்பக்கம் கூட்டிப் போனார்கள். முதல் பையன் பலகைமேல் ஏறினான். ஊதல். விழுந்தான். இரண்டாவது ஒரு பெண். விழுந்தாள், எழுந்தபோது இருமல் நிற்கவில்லை. அவள் அப்பா கீழே நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கேள்வியே கேட்கவில்லையே என்று நான் சத்தமாகவே கேட்டேன்போலிருக்கிறது. தொப்பு அண்ணன் மைக்கோடு என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷம் வெளியே சொல்லாத தொழில் ரகசியம், இன்று நம் குடும்பத்துக்குள் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார்.

"விழறதைத்தான் முதல்ல எடுப்போம். ஒத்திகைன்னு சொல்லி எல்லாப் பிள்ளைங்களையும் காலைலயே தள்ளிருவோம். அப்புறம் குளிப்பாட்டி, சாப்பாடு போட்டு உக்கார வச்சிட்டு, நாங்க உள்ளே போய்ப் போட்டுப் பாப்போம். எந்தப் பிள்ளைக்கு அழுகை நல்லா வந்திருக்கோ, அன்னிக்கு அதுதான் தோக்கணும். மத்தியானம் போட்டி. அந்தப் பிள்ளைக்கு மட்டும் காலேஜ் கேள்வி. தப்பானதும் காலைல விழுந்ததை அங்க ஒட்டிருவோம்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி, இப்போதாவது யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். பிறகு கைதட்டல் எழுந்தது. வித்தைக்காரன் முடிச்சை அவிழ்த்துக் காட்டினால் தட்டுவார்களே, அந்தத் தட்டல். கண்ணைத் துடைத்த பெண், "என்ன மூளைண்ணே உங்களுக்கு" என்றாள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு முகமாவது சுளித்திருக்கிறதா என்று.

அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுல ராணி யாரு? நம்ம தொட்டிப் பொண்ணு. அந்த மாதிரி அழுகை அப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்ல. ஆனா அவளைத் தோக்கடிக்கிறதுக்குள்ள எங்களுக்குத் தாவு தீந்துபோச்சு. கெட்டிக்காரப் பொண்ணு. கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு சரியாச் சொல்லிட்டே இருக்கா. கேள்வியை மாத்தி மாத்திக் கேட்டோம். கடைசியில எனக்கே பதில் தெரியாத ஒண்ணைக் கேட்டுத்தான் சாச்சோம்."

டக்கு டக்கென்று. நான் அவளோடு வாழ்ந்த வருஷங்களில் அவள் ஒன்றுக்கும் அப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

மச்சான் என் பக்கத்தில் நின்றிருந்தார். அன்றைய போட்டியில் அவரும் இருந்தார். ஜெயித்ததும் அவர்தான், சைக்கிள் கொடுத்தார்கள். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அன்னிக்கே தெரியும் மாப்ளே. நான் விழுந்துட்டுச் சிரிச்சிட்டேன். நீ பொழச்சடா, உன் தங்கச்சி மாட்டிக்கிட்டான்னு அண்ணன் காதுல சொன்னாரு."

"அவகிட்ட சொல்லலையா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் வீட்ல எல்லாரும் தொட்டி தொட்டின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. அதுவும் ஒரு செல்லம்தானே. விடுங்க, சின்ன வயசு விஷயம்."

அவர் வாயிலிருந்து காலையில் தின்ற பன்னின் வெண்ணெய் வாடை வந்தது. கெட்டுப்போன வெண்ணெய். ஒதுங்கிக்கொண்டேன்.

அதற்குள் என் மகளை ஏற்றிவிட்டார்கள். பலகைமேல் நின்றாள். கைகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கோள்கள், வாய்ப்பாடு, தேனீ. அண்ணன் மைக்கை நீட்டினார், பயமா இருக்கா என்று கேட்டார்.

"கேள்வி?" என்றாள் அவள்.

"கேள்வி அப்புறம் கண்ணு."

"நான் இன்னும் தப்பா சொல்லலையே."

கூட்டம் கொஞ்சியது. அண்ணன் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு மச்சானை அழைத்தார். இது அழுத்தமான பிள்ளை, அழாமல்கூடப் போய்விடும், அம்மா பேச்சை எடுங்கள் என்றார். என் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்கிற குரலில்தான் சொன்னார். தொழில் பேச்சு. மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொட்டியின் ஓரத்துக்குப் போய், "தங்கம், மாமாவைப் பாருடா. அம்மா இப்ப எங்க இருக்கா சொல்லு" என்றார்.

நான் ஏணியில் இருந்தேன். எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. ஏறி, அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். தொட்டிக்குப் பயந்து அல்ல. "கேள்வி கேக்கச் சொல்லுங்கப்பா, நான் எல்லாம் படிச்சேன், எல்லாம் தெரியும், கேக்கச் சொல்லுங்க" என்று என் முதுகில் குத்திக் குத்தி அழுதாள். கண்ணை இறுக்கி மூடி, வாயை முழுக்கத் திறந்து. அந்தக் கிடங்கில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த வாய் தெரியும். தொப்பு அண்ணன் மெல்ல, தூங்குகிற குழந்தை பக்கத்தில் பேசுகிற மாதிரி, "எடு, எடு, விட்றாத" என்றார். கேமரா கிட்டே வந்தது. பின்னாலிருந்து யாரோ "தப்புன்னா" என்று இழுத்தார்கள். மற்றவர்கள் முடித்து வைத்தார்கள்.

கேமராக்காரர் கல்யாண வீடுகளில் படம் பிடிப்பவர், அன்றைக்குக் கூலிக்கு வந்தவர். நான் கையை நீட்டி, உள்ளே இருக்கிற கார்டைக் கொடுங்கள் என்றேன். அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சண்டை வரப்போகிற வீடு அவருக்குத் தெரிந்திருக்கும். மூடியைத் திறந்து, எடுத்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். நகம் அளவுதான் இருந்தது.

"மாப்ளே, காலைலேர்ந்து எடுத்தது மொத்தமும் அதுலதான் இருக்கு. குடுத்துருங்க. பேசிக்கலாம்."

தொட்டிக்குள் போட்டேன். சத்தம்கூட வரவில்லை. பச்சை நுரை லேசாகக் குழிந்து, மூடிக்கொண்டது.

மச்சான் முதலில் முழங்கை வரை விட்டுத் துழாவினார். பிறகு தோள் வரை. கன்னம் கூழில் பட, முகத்தைத் திருப்பிக்கொண்டு துழாவினார். கடைசியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளேயே இறங்கினார். மார்பளவு நின்று காலால் தேடினார். கால் வழுக்கியது. முங்கி எழுந்தபோது கண், மூக்கு, வாய் எதுவும் தெரியவில்லை. தாடிக்காரர்தான் முதலில் போனைத் தூக்கினார். பிறகு எல்லோரும் தூக்கினார்கள். தொப்பு அண்ணன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

பேருந்தில் மகள் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். என் விரல் நுனியில் அந்த வாடை இருந்தது. வீட்டுக்கு வந்து அவளைக் குளிப்பாட்டினேன். அவள்மீது ஒரு சொட்டுகூடப் படவில்லை, இருந்தாலும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மச்சான் போன்களில் ஊர் முழுக்கப் போய்விட்டார். பால் நிலையத்துச் சகா எனக்கே அனுப்பியிருந்தான், இது உன் மச்சானா என்று கேட்டு. யாரோ பழைய சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். நான் இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை எதற்கு என்று தெரியவில்லை. மகள் எப்போது வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள் என்று கவனிக்கவில்லை.

"மாமா எந்தக் கேள்விக்குத் தப்பா சொன்னாங்க?" என்றாள். கிடங்கிலிருந்து வந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

கேள்வியே கிடையாது என்றேன். அம்மாவை விழ வைத்தபோதும் கேள்வி கிடையாது, பிறகு கேட்டதற்கெல்லாம் அம்மா சரியாகத்தான் சொன்னாள், அவர்கள்தான் கேள்வியை மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்றேன். என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"பொய். அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியலன்னு மாமா சொன்னாங்க."

போன் அடித்தது. மச்சான்தான். எடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"பாத்தீங்களா மாப்ளே? பாத்தவங்க கணக்குல தங்கச்சியை முந்திட்டேன். ஒரே சாயங்காலத்துல. அண்ணன் என்ன சொல்றாருன்னா, அடுத்த தடவை குழந்தையை..."

குழந்தை பக்கத்தில்தான் இருக்கிறாள், நாம் பேசுவது அவளுக்குக் கேட்கிற மாதிரி வைக்கிறேன் என்றேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அவ அம்மா அன்னிக்கு எப்படிப் பதில் சொன்னான்னு அவகிட்ட சொல்லுங்க மச்சான்."

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குழாயடியில் நின்று இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறார்போல. குழாயை மூடினார். மகள் போனுக்கு நேராகக் குனிந்து நின்றாள்.

"சரியாத்தாண்டா சொன்னா," என்றார் மச்சான். "எல்லாத்துக்கும் சரியாத்தான் சொன்னா." பிறகு சிரிப்பு அவருக்குத் திரும்பி வந்தது. "ஆனா அந்த அழுகை இருக்கே..."

துண்டித்தேன். மறுபடி அடித்தது. அவர் எண்ணைத் தடுத்து வைத்தேன்.

மகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து ரொம்ப நேரம் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்குமா?" என்றாள்.

"எல்லாத்துக்கும்."

"மாமாவுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

முகத்தைச் சுளித்தாள். கெட்ட பாலை முகர்ந்த மாதிரி, மூக்கு சுருங்கி, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. அன்றைக்கு முழுவதும் நான் தேடியது அந்த முகத்தைத்தான்.